இடது பக்கத்து மிதவைகள்

நான்காவது மிதவையில் மறுபடியும் கயிறு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அவள் தண்ணீரில் குப்புற விழுந்து, மூக்கில் ஏறியதைச் சிந்திவிட்டு, பலகை காலோடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, லைஃப் ஜாக்கெட் தாங்க மிதந்தாள். படகு வட்டமடித்துத் திரும்பி வருவதற்குள் அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இதில் யாரோ கை வைக்கிறார்கள்.

அப்படி நினைப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்கு டீச்சர். பரீட்சை வந்துவிட்டால் கூடம் கூடமாகப் போய் பிட் பிடிக்கிற குழுவுக்குத் தலைவி. சட்டை மடிப்பிலிருந்து எடுத்திருக்கிறாள், கைக்கடிகாரத்துக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறாள், ஒருமுறை மாவுக்கட்டுப் போட்ட கைக்குள்ளிருந்தே எடுத்தாள். கை முறிந்ததும் நிஜம், பிட்டும் நிஜம் என்று அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லுவாள். ஓய்வு பெற்ற பிறகும் ஏரிக்கரைப் படகுத்துறையில் அவளுக்குப் பறக்கும் படை என்றுதான் பெயர். அறுபத்திரண்டு வயதில், படகு கயிற்றால் இழுக்க, தண்ணீர் மேல் ஒற்றைப் பலகையில் சறுக்கிப் போகிறவளுக்கு அது எப்படியும் பொருந்தத்தான் செய்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

படகு பக்கத்தில் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் இருந்தவர் அவள் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் இரும்புப் பெட்டியை லாரி மேல் முட்டை வைக்கிற மாதிரி வைப்பார் என்று பேர் எடுத்தவர். அவரும் ஒரு காலத்தில் இதே ஏரியில் பலகை ஏறியவர்தான். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு டாக்டர் வேண்டாம் என்றதால், கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டார்.

"என்ன, போதும்னு தோணுதா?" என்றார், முன்னால் பார்த்தபடியே.

"எனக்குத் தோணல. உங்களுக்குத் தோணுதா?"

"நான் கேட்டேன், அவ்வளவுதான்."

அவருக்குப் பக்கத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவன் அவளுடைய கொழுந்தன். விழுந்தால் ஆரஞ்சுக் கொடியைத் தூக்கிக் காட்டவும், கை சைகையைப் பார்த்து ஓட்டுபவருக்குச் சொல்லவும் ஒரு ஆள் இப்படித் திரும்பி உட்கார வேண்டும் என்பது ஏரியின் விதி. கரையில் அவனுக்குப் பலகைக் கடை இருந்தது. நாக்கில் சக்கரம் கட்டிய ஆள்.

"அண்ணி, நான் சொன்னா கோவிச்சுக்குவீங்க. பலகையை மாத்துங்க. உங்க தப்பு எதுவுமே இல்ல."

உன் தப்பு இல்லை என்று யாராவது முந்திக்கொண்டு சொன்னால் அவளுக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும்.

விஷயம் இதுதான். ஏரியின் நடுவே பச்சை மிதவைகள் ஜோடி ஜோடியாக ஒரு குறுகிய சந்து போல நீளமாகப் போகும். படகு அந்தச் சந்துக்குள் நேர்கோட்டில் போக வேண்டும். சந்துக்கு வெளியே வலது, இடது, வலது, இடது என்று ஆறு சிவப்பு மிதவைகள் தள்ளித் தள்ளி நிற்கும். பின்னால் கயிற்றைப் பிடித்து வருகிறவள், படகின் அலையைக் குறுக்கே வெட்டி வெட்டிப் பாய்ந்து, ஆறையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். இதற்குத்தான் ஸ்லாலம் என்று பெயர். யாருக்கும் ஒரு பக்கம் சுலபம், மறுபக்கம் சங்கடம். அவளுக்கு எந்தக் காலத்திலும் சங்கடம் வலது பக்கம்தான். இடது பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு திரும்புவாள். இந்தப் பருவத்தில் விழுந்ததெல்லாம் இரண்டிலும் நான்கிலும். எல்லாம் இடது.

வயசானால் இரண்டு பக்கமும் சேர்ந்து போக வேண்டும். நல்ல பக்கம் மட்டும் தனியாக எப்படிப் போகும்?

கேள்வி வெறும் கௌரவத்துக்கு இல்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டே கிரேன்காரர் பேச்சை எடுத்தார். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி, ஒரு எல்லை வேண்டாமா என்றார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தப் பருவம் முடியறதுக்குள்ள ஒரு தடவை ஆறையும் சுத்தி வரலைன்னா, பலகையைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் உடனே, "சொன்ன சொல் மாறக்கூடாது" என்றார். அவ்வளவு அவசரமாக அவர் எதையும் ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை. நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. பலகை பரணுக்குப் போனால் அவளிடம் மிச்சம் இருப்பது மூட்டு வலியும் தொலைக்காட்சியும்தான் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் சந்தேகம் கடைக்காரன் மேல்.

பலகையின் வால்பக்கத்து அடியில் ஃபின் என்று கத்தி மாதிரி ஒரு தகடு நிற்கும். அதை இரண்டு சிறிய திருகாணிகள் பிடித்திருக்கும். நகக்கண் அளவு நகர்ந்தால்கூடப் போதும், திருப்பத்தில் பலகை முரண்டு பிடிக்கும். பலகைகளைப் பூட்டி வைக்கும் கொட்டகைச் சாவி கொழுந்தனிடமும் இருந்தது. புதுப் பலகை விற்க வேண்டியவன், பழைய பலகையைக் கெடுக்க மாட்டானா? எலி சும்மா அம்மணமாக ஓடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மருமகள் விட்டுப்போன நகப்பூச்சை எடுத்துப் போனாள். ஒவ்வொரு திருகாணித் தலையிலும் தொடங்கித் தகட்டின் மேல் முடிகிற மாதிரி மெல்லியதாக ஒரு கோடு இழுத்தாள். யாராவது திருகினால் கோடு உடையும். வினாத்தாள் உறையில் அவள் போட்ட பழைய வித்தை இது. தினமும் ஏரிக்குப் போனதும் முதல் வேலையாகப் பலகையைக் கவிழ்த்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கோடு உடையவே இல்லை. கொழுந்தன் அதைக் கவனித்துவிட்டு, "பலகைக்கும் நகப்பூச்சா அண்ணி? நல்ல கலர்" என்று மட்டும் சொன்னான். அவன் முகத்தில் குற்றம் செய்த களை ஒரு துளிகூட இல்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, இவன் வழிக்கே போய்ப் பார்ப்போம் என்று அவன் கடைப் பலகையை இரவல் கேட்டாள். அவன் குதித்துக்கொண்டு எடுத்து வந்தான். பழையதைவிட அகலம் அதிகம், கால் நுழைக்கும் பூட்டு ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது.

"இளவட்டப் பசங்க ஒல்லிப் பலகையில போவாங்க, அவங்களுக்கு வேகம் இருக்கு. நமக்கு அகலம்தான் துணை. தண்ணி சீக்கிரம் தூக்கிவிடும், கைக்கு இழுப்பு குறையும், படகு மெதுவாப் போனாலும் மூழ்காது. அப்புறம் அண்ணி, எழுந்திருக்கும்போது கையை மடக்கி இழுக்காதீங்க. அதான் உங்க முழங்கை வலிக்குது. முழங்காலை நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு, கையை நீட்டினபடி விட்டுடுங்க. நீங்க எழுந்திருக்க வேண்டாம். படகு எழுப்பும்."

"இத்தனை வருஷம் யார் எழுப்பினாங்களாம்?"

"இத்தனை வருஷம் நீங்க படகோட சண்டை போட்டீங்க."

அவன் சொன்னபடி செய்தாள். பலகை அவளைத் தண்ணீருக்கு மேல் சுகமாகத் தூக்கி நிறுத்தியது. முழங்கை முணுமுணுக்கவில்லை. முழங்கால் மடங்கி, இடுப்பு முன்னால் வந்து, கைப்பிடி இடுப்போடு ஒட்டிக்கொண்டது. இந்தப் பயல் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்வது மருந்து குடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் இடது பக்கத்தில் மிதவை இப்போதும் கைக்கெட்டாத தூரத்திலேயே நின்றது. எவ்வளவு வெளியே சாய்ந்தாலும் கயிறு முன்கூட்டியே இழுத்துப் பிடித்தது. நான்காவதில் விழுந்தாள். ஆக, குற்றவாளி பலகை இல்லை.

அடுத்து மிதவைகள் மேல் சந்தேகம் வந்தது. யாராவது நங்கூரத்தை நகர்த்தியிருப்பார்களோ? அதை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது கிரேன்காரர் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து ஆறு புள்ளி வைத்தாள். போகும்போது இடது பக்கம் இருக்கிற மிதவை, திரும்பி வரும்போது வலது பக்கம் வரும். மிதவை நகர்ந்திருந்தால் போகும்போது இடதில் விழுந்தவள் வரும்போது வலதில் விழ வேண்டும். அவளோ போகும்போதும் இடது, வரும்போதும் இடது. கூடம் கோணல் இல்லை என்று கணக்கே சொல்லிவிட்டது. அவர் எட்டிப் பார்த்து, "அப்ப மிச்சம் இருக்கிறது யாரு?" என்று கேட்டார். மிச்சம் இருந்தது அவள்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. அவள் தன் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தாள். பழைய கைப்பிடி ஒன்றைக் கயிற்றோடு வாசல் கம்பியில் கட்டி, இடது பக்கத் திருப்பத்தை நிலத்தில் நின்றே பழகினாள். சாய்ந்து, பிடித்து, மிதவையைப் பார்க்காமல் அதைத் தாண்டிப் பார்த்து, மறுபடி சாய்ந்து. கண்ணாடி முன்னால் நின்று இடது தோள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். மாடிப்படியில் இடது காலை முதலில் வைத்து ஏறினாள். கிரேன்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மெதுவாக, "எல்லாருக்கும் ஒரு வயசு வரும்மா. ஒத்துக்கிட்டா நிம்மதி" என்றார். அவர் குரலில் இருந்த பரிவு அவளை அழ வைத்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றைக்குப் பரணில் இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள்.

பிறகு ஒரு வாரநாளில், இடுப்பைக் காட்டி வர வேண்டும் என்று அவர் தனியாக ஊருக்குள் போனார். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஏரிக்குப் போக மனசில்லாமல்தான் அவள் போனாள். கொழுந்தன் படகை எடுத்தான். படகுத்துறைக் காவல்காரர் கொடியோடு பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

முதல் மிதவை. இரண்டாவதற்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்தபோது மிதவை அவளிடம் தானாக வந்தது. கயிறு இழுக்கவில்லை. பலகை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி திரும்பியது. நான்காவதும் அப்படியே. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஐந்தாவதில், தன் பழைய சங்கடமான வலது பக்கத்தில், தானே காலை வாரிக்கொண்டு விழுந்தாள். தண்ணீரில் மிதந்தபடி வாய்விட்டுச் சிரித்தாள். கொழுந்தன் திரும்பி வந்து, "விழுந்ததுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்று கேட்டான். அவள் சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டிருந்தது.

இடது தோள் நன்றாகத்தான் இருக்கிறது. இடது கால் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால்?

படகின் வேகத்தை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். ஓட்டுபவருக்கு வேலை ஒன்றுதான், பச்சைச் சந்தின் நடுக்கோட்டில் படகை நேராக வைப்பது. அதைச் செய்கிறாரா என்று யார் பார்க்கிறார்கள்? ஓட்டுபவர் முன்னால் பார்க்கிறார். கொடிக்காரன் பின்னால் பார்க்கிறான், அது விதி. கயிற்றில் வருகிறவள் மிதவையைப் பார்க்கிறாள். படகு எங்கே போகிறது என்று பார்க்க ஒரு ஜீவனும் இல்லை. இத்தனை வருஷம் தேர்வுக் கூடத்தில் நின்றவளுக்கு இந்த ஓட்டை தோன்றாமல் போனது எப்படி என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வந்தால் வீடு முழுக்கச் சந்தேகமாகிவிடும். அவர் செருப்பை விடுகிற சத்தம்கூட அவளுக்கு வேறு மாதிரி கேட்டது. ஊருக்குள் போய் வந்தவரிடம், "இடுப்பு எப்படி இருக்காம்?" என்று கேட்டாள். "அப்படியேதான்" என்றார். எந்த டாக்டர் என்றதற்கு, "அதே டாக்டர்தான்" என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டார். மடியில் கனம் இருப்பவன் நடை அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் கொட்டகையில் படகைச் சுற்றி வந்து பார்த்தாள். வெள்ளைப் படகு. இடது பக்கம் ஏரிப் பாசியும் கைத்தடங்களுமாக வழக்கமான அழுக்கு. வலது பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தது. படகைக் கழுவிப் பூட்டுகிறவர் கிரேன்காரர்தான். ஆனால் வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக்கூட மேஜையில் அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர். அவர் எதற்குப் படகின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக் கழுவுகிறார்? அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிற மேஜையில்தான் பிட் இருக்கும் என்பது அவள் தொழிலில் கற்றது. குனிந்து, வலது பக்க ரப்பர் விளிம்புக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் பச்சை ஒட்டியது. மிதவைப் பச்சை.

கிரேன்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த அடுத்த ஓட்டத்தில் அவள் ஒரு சிவப்பு மிதவையைக்கூடச் சுற்றவில்லை. படகுக்கு நேர் பின்னால், இரண்டு அலை மேட்டுக்கும் நடுவே, கம்பம் மாதிரி நின்றபடி சந்து முழுவதும் போனாள். கொழுந்தன் கையை விரித்து என்ன என்று கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஜோடி ஜோடியாகப் பச்சை மிதவைகள் வந்தன. இடதுபக்க மிதவை ஒவ்வொன்றும் படகை விட்டு எட்டி நின்றது. வலதுபக்க மிதவை ஒவ்வொன்றும் படகின் விலாவில் உரசி, அமுங்கி, பின்னால் துள்ளி எழுந்தது. படகு வலது பக்கம் ஒதுங்கியே போகிறது. அதனால் கயிறும் வலது பக்கம் ஒதுங்கி, இடது மிதவைகள் அவளுக்கு எட்டாமல் போகின்றன. திரும்பி வரும்போதும் அப்படியே, அதே பக்கம், அதே அளவு.

கவனக்குறைவாக ஓட்டுகிறவன் ஒருமுறை இந்தப் பக்கம் போவான், ஒருமுறை அந்தப் பக்கம் போவான். ஒரே பக்கம், ஒரே அளவு, ஒவ்வொரு முறையும் என்றால் அது குறி வைத்துச் செய்தது. வரிசையில் பத்துப் பேர் ஒரே தப்பான விடையை எழுதியிருந்தால் அது தற்செயல் இல்லை. அதுவும் கப்பல் பெட்டியை விரற்கடை பிசகாமல் வைத்த கை. தன்னால் ஏற முடியாத பலகையில் பெண்டாட்டி ஏறுவது இவருக்குப் பொறுக்கவில்லை. அதற்குத்தான் அந்தப் பேச்சு, அந்த எல்லை, சொன்ன சொல் மாறக்கூடாது என்ற அவசரம். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அது இதுதான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனிதரோடு முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

கொழுந்தன் கடைக்குக் கிளம்பிப் போகும்வரை பொறுத்தாள். கொட்டகையில் கிரேன்காரர் வலது பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடித்துவிடலாம், கையும் களவுமாக. அவள் சத்தமில்லாமல் அவருடைய இடது பக்கம் போய், தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். திரும்பிப் பார்த்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று தயாராக வைத்திருந்தாள்.

அவர் திரும்பவில்லை. துணியை வாளியில் நனைத்தார், பிழிந்தார், துடைத்தார். அவள் அங்கே நிற்பதே தெரியாதவர் போல, ஏதோ பழைய பாட்டை முனகினார். நடிக்கிறாரா? தேர்வுக் கூடத்தில் நடிப்பவனைப் பிடிக்க அவளுக்கு ஒரு வழி உண்டு. பேசாமல் கையை நீட்டுவாள். எவனாக இருந்தாலும் கண் ஒருமுறை கை பக்கம் போய்த் திரும்பும். இப்போதும் கையை நீட்டி, அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் ஐந்து விரலையும் விரித்து ஆட்டினாள். அவர் கண் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம். கை ஏறக்குறைய அவர் மூக்குக்கு நேராக வந்தபோதுதான் அவர் தூக்கிவாரிப்போட்டுப் பின்வாங்கினார். வாளி கவிழ்ந்தது.

தயாராக வைத்திருந்த வார்த்தையை அவள் விட்டுவிட்டாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"எது?"

"இடது கண்ணு."

அவர் கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்தார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"கண்ணு இருக்கு. ஓரம்தான் இல்ல. அந்தப் பக்கத்துப் பச்சை தெரியறதில்ல. அதான் இந்தப் பக்கத்தையாவது விட்டுடக் கூடாதுன்னு ஒட்டியே ஓட்டறேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு கண்ணுக்குள்ளயும் அழுத்தம் ஏறிப்போச்சாம், இடது பக்கம் ரொம்பவே. போனது போனதுதான். சொட்டு மருந்து விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாமாம். விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"எப்ப சொன்னாங்க?"

"பருவம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

கணக்கு டீச்சருக்கு இரண்டையும் கூட்ட அதிக நேரம் ஆகவில்லை. "அதுக்கப்புறம்தான் நீங்க எல்லை வேணும்னு பேச்சை எடுத்தீங்க."

அவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீரே இல்லை. "நீ நிறுத்திட்டா நானும் நிறுத்திடலாம்னு பார்த்தேன். அவ விட்டுட்டா, அதனால நானும் விட்டுட்டேன்னு சொல்லிக்கலாம். யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. கிரேன்லேர்ந்து இறங்கினேன், பலகையிலேர்ந்து இறங்கினேன். அந்த சீட் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

"நான் விழறது உங்களாலதான்னு தெரியுமா?"

"முதல்ல தெரியல. பச்சைக் கறையைப் பார்த்ததும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் தொடச்சிட்டீங்க."

அவர் துணியை வாளி விளிம்பில் போட்டார்.

அவளுக்குக் கோபம் வந்த விதம் அவளுக்கே புதிதாக இருந்தது. கத்த வரவில்லை. குரல் இறங்கிக்கொண்டே போனது. "பொறாமையில செய்யறீங்கன்னு நினைச்சேன். அதுவாவே இருந்திருக்கலாம். கண்ணு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் உங்க கையைப் பிடிச்சிருப்பேன். அதை விட்டுட்டு, எனக்கு வயசாச்சுன்னு என்னையே நம்ப வச்சீங்க. வாசல்ல கயிறு கட்டி இழுத்தேனே, நாற்காலியில உட்கார்ந்து பார்த்தீங்களே. ஒத்துக்கிட்டா நிம்மதின்னு எனக்குச் சொன்னீங்களே. உங்க கண்ணு நல்லா இல்லைங்கறதுக்கு என்னைக் கிழவியாக்கினீங்க."

"தப்புதான்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் படகு ஓட்டவில்லை. தம்பியிடம் அவரே சொல்லிவிட்டார். வீட்டில் அவள் வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தாள், சொட்டு மருந்து நேரத்தில் பாட்டிலை மேஜையில் நக்கென்று வைத்தாள், பேச மட்டும் இல்லை. தன் சந்தேகம் பொய்த்துப் போனதா, பலித்துப் போனதா என்று அவளுக்கே தெரியவில்லை. பலித்தது என்று ஒரு நேரம் தோன்றியது. அவரை நினைத்துப் பாவமாக இருந்தது இன்னொரு நேரம்.

பருவத்தின் கடைசி வாரம். காற்று இல்லாத காலை. அவள் பலகையோடு கிளம்பியபோது அவரும் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"பின்னால பார்த்து உட்காரட்டுமா? கொடி பிடிக்கிறேன்."

"உங்க இஷ்டம்" என்றாள்.

கொழுந்தன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். அவர் அவளைப் பார்த்தபடி, கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் முழங்காலை நெஞ்சோடு ஒட்டி, கையை நீட்டி, படகோடு சண்டை போடாமல் எழுந்தாள். சந்து வாசலில் நுழைந்தாள். ஒன்று. கைப்பிடியை இடுப்போடு ஒட்டி அலையை வெட்டினாள். இரண்டு. இடது பக்கம் அவள் பழைய இடது பக்கமாகவே இருந்தது. மூன்றில் தடுமாறினாள், பயத்தில் பின்னால் சாய வந்த உடம்பை முன்னால் தள்ளிப் பிடித்தாள். நான்கு. ஐந்தில் மூச்சு முட்டியது, தொடை நடுங்கியது, விடவில்லை. ஆறு. சந்தின் கடைசி வாசலைத் தாண்டி, வலது பக்கமாக அகன்று போய், கைப்பிடியை விட்டாள். பலகை வேகம் இழந்து வழுக்கிக்கொண்டு போய் அவளை மெல்லத் தண்ணீரில் இறக்கியது.

நலமாக இருக்கிறேன் என்று ஒரு கையைத் தூக்கினாள். கொடி ஏறவில்லை.

கொழுந்தன் முன்னால் பார்த்துப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தான். பின்னால் பார்த்து உட்கார்ந்தவர் பாதி எழுந்து நின்றிருந்தார். அவருடைய இடது பக்கம் இருந்த தண்ணீரில் அவள் மிதந்தாள். அவரோ எதிர்ப்பக்கத்துத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார். வெறும் கைப்பிடி கயிற்றோடு துள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தார். மறுபடி வெறும் தண்ணீரைப் பார்த்தார்.

அவள் கையை இறக்கினாள். கூப்பிடவில்லை. தேடட்டும் என்று விட்டாள். வாசலில் கயிறு கட்டி இழுத்தபோது தனக்கு எப்படி இருந்தது என்று அவருக்கும் தெரியட்டும்.

அவர் கொடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தலை அங்கும் இங்கும் போனது, ஆனால் அவள் பக்கம் வருவதற்குள் திரும்பிவிட்டது. அவர் முகம் அப்படி வெளுத்து அவள் பார்த்ததில்லை, அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன அன்றுகூட. "எங்க இருக்கே?" என்றார். கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளையின் குரல் அது. "எங்கம்மா இருக்கே?"

தேடட்டும் என்று நினைத்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இங்கதான் இருக்கேன்" என்றாள். "இடது பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். இல்ல, தலையை நல்லாத் திருப்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

அவர் கண் அவளிடம் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.